விதிசார் நிரலாக்கத்தில் இடைமுக மரங்கள்

விதிசார் நிரலாக்கத்தில் இடைமுக மரங்களை மீளப் பயன்படுத்தல் என்பது, வரைகலைப் பயனர் இடைமுகக் கருவித்தொகுதி ஒன்றில் திரைக்காட்சிக்கென உருவாக்கப்பட்ட மரத் தரவுக் கட்டமைப்பை, விதிப்பொறி ஒன்று ஆராயும் தரவாகவும் கையாளும் நிரலாக்க முறையாகும். ஜாவா மொழியின் சுவிங் கருவித்தொகுதியில் உள்ள மரக்கணு வகுப்புகள் இம்முறைக்குப் பெரிதும் அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். கியூட்டி, ஜாவா எஃப்எக்ஸ், உலாவிகளின் ஆவணப் பொருள் மாதிரி ஆகியவற்றின் மரங்களையும் இவ்வாறே பயன்படுத்த இயலும்.

பெற்றோர்–சேய் இணைப்பு, மரத்தைச் சுற்றிவரும் செயற்கூறுகள், மாற்ற அறிவிப்பு ஆகிய மூன்றும் இம்மரங்களில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. முதல் இரண்டையும் எந்த நிரலாளரும் எளிதில் எழுதிவிடலாம். மூன்றாவதே விதிப்பொறிக்கு உண்மையில் தேவையானது. இம்முறையில் தோன்றும் பிழைகளில் பெரும்பாலானவையும் அந்த மூன்றாவதிலிருந்தே எழுகின்றன. மாற்றம் ஒன்று அறிவிக்கப்படாமல் போனால் நிரல் நின்றுவிடுவதில்லை. பழைய தரவின் மீது தவறான முடிவுகளைத் தொடர்ந்து எடுக்கிறது.

## அடிப்படைக் கருத்துகள்

### விதிப்பொறி

விதிசார் நிரலாக்கத்தில் நிரலானது "இன்ன நிலை இருந்தால் இன்னது செய்" எனும் வடிவிலான விதிகளின் தொகுப்பாக எழுதப்படுகிறது. இதில் மூன்று உறுப்புகள் உள்ளன.

* செயல் நினைவகம்: தற்போது உண்மை எனக் கொள்ளப்படும் கூற்றுகளின் தொகுப்பு.
* விதித்தளம்: நிபந்தனைப் பகுதியும் செயற்பகுதியும் கொண்ட விதிகளின் தொகுப்பு.
* விதிப்பொறி: நிபந்தனைகளைக் கூற்றுகளுடன் பொருத்திப் பார்த்து, பொருந்திய விதிகளுள் ஒன்றைத் தெரிந்து இயக்கும் பகுதி.

ஒவ்வொரு சுற்றிலும் எல்லா விதிகளையும் எல்லாக் கூற்றுகளுடனும் ஒப்பிடுவது மிகுந்த நேரம் எடுக்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஃபோர்கி 1979 ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டிலும், 1982 ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரையிலும் விளக்கிய ரீட்டே படிமுறை இதற்குத் தீர்வு தந்தது. வலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே சில கூற்றுகள் மட்டுமே மாறும் என்பதும், பல விதிகள் ஒரே நிபந்தனையைப் பகிர்ந்துகொள்ளும் என்பதும் இப்படிமுறையின் இரு அடிப்படைகளாகும். முந்தைய பொருத்தங்கள் நினைவில் வைக்கப்படுகின்றன. மாறியவை மட்டும் மீண்டும் ஆராயப்படுகின்றன.

இதிலிருந்து ஒரு கட்டாயம் பிறக்கிறது. ரீட்டே வகைப் பொறி தரவைத் தானாகச் சென்று பார்ப்பதில்லை. எது சேர்ந்தது, எது நீங்கியது, எது மாறியது என்பதைப் பிறர் அதற்குச் சொல்லவேண்டும்.

### கருவித்தொகுதியின் மரம்

கோப்புறைகளின் படிநிலை, நூலின் உள்ளடக்கம், நிறுவனத்தின் துறைகள் போன்றவற்றைத் திரையில் விரித்துச் சுருக்கிக் காட்டுவதற்குப் பெரும்பாலான கருவித்தொகுதிகள் ஒரு மரக்காட்சி உறுப்பை வழங்குகின்றன. காட்சி வேறு, தரவு வேறு எனப் பிரிக்கும் மாதிரி–காட்சி–கட்டுப்பாட்டு வடிவமைப்பை 1979 ஆம் ஆண்டு செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் டிரிக்வே ரீன்ஸ்காகு முன்வைத்தார். இப்பிரிவினையின் பயனாகவே, திரையில் எதுவும் வரையப்படாத நிரலிலும் மரத்தின் தரவுப் பகுதியை மட்டும் தனியே எடுத்தாள முடிகிறது.

சுவிங்கில் இத்தரவுப் பகுதி இரு அடுக்குகளைக் கொண்டது. டிஃபால்ட் மியூட்டபிள் ட்ரீ நோட் எனும் வகுப்பு கணுவைக் குறிக்கிறது. இது தன் பெற்றோரையும் சேய்களையும் அறியும். பயனர் பொருள் எனப்படும் எந்த வகைப் பொருளையும் தாங்கும். டிஃபால்ட் ட்ரீ மாடல் எனும் வகுப்பு முழு மரத்தையும் குறிக்கிறது. மாற்றங்களைக் கவனிப்பிகளுக்கு அறிவிப்பது இரண்டாவது வகுப்பின் பணியாகும். கணு வகுப்புக்கு அறிவிக்கும் ஆற்றல் இல்லை.

## வரலாறு

படிநிலை அமைப்புகளை விதிகளால் ஆராய்வது இடைமுக மரங்களுக்கு முற்பட்டது. ஜான் மெக்டர்மட் 1978 ஆம் ஆண்டு உருவாக்கத் தொடங்கிய ஆர்1 எனும் வல்லுநர் முறைமை, பின்னர் எக்ஸ்கான் என அறியப்பட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில் எந்தப் பெட்டகத்தில் எந்தச் சட்டகம், எந்தச் சட்டகத்தில் எந்த அட்டை அமையவேண்டும் என்பதை இது விதிகளால் முடிவு செய்தது. அக்காலத்தில் இத்தகைய படிநிலைகள் தட்டையான கூற்றுகளாகவே எழுதப்பட்டன.

நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1985 இல் கிளிப்ஸ் எனும் விதிமொழி உருவானது. அதன் தாக்கத்தால், சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தில் எர்னஸ்ட் ஃபிரீட்மன்-ஹில் 1995 இல் ஜாவா மொழிக்கென ஜெஸ் எனும் விதிப்பொறியை எழுதத் தொடங்கினார். ஜாவா பொருள் ஒன்றைச் செயல் நினைவகத்தில் நிழற்கூற்றாக இடவும், அப்பொருளின் பண்பு மாறும்போது எழும் அறிவிப்பைக் கேட்டுக் கூற்றைப் புதுப்பிக்கவும் ஜெஸ் வழிசெய்தது. 1998 டிசம்பரில் வெளியான ஜாவா 1.2 பதிப்பில் சுவிங் மொழியின் உட்பகுதியாயிற்று. பொருளை நேரடியாக ஏற்கும் விதிப்பொறியும், மாற்றத்தை அறிவிக்கும் மரமும் இவ்வாறு ஒரே மொழியில் அமைந்தன. 2001 இல் பாப் மெக்வர்ட்டர் தொடங்கிய துரூல்ஸ் திட்டமும் ஜாவா பொருள்களையே கூற்றுகளாகக் கொண்டது.

## மீளப் பயன்படுத்துவதன் பயன்கள்

* சுற்றிவரும் முறைகள்: முன்வரிசை, பின்வரிசை, அகலவாரி வரிசைகளில் கணுக்களை எண்ணியெடுக்கும் செயற்கூறுகள் சுவிங் கணுவில் உள்ளன. வேரிலிருந்து கணு வரையான பாதை, கணுவின் மட்டம், இரு கணுக்களின் பொது மூதாதை ஆகியவற்றையும் நேரடியாகப் பெறலாம்.
* அமைப்புக் காப்பு: ஒரு கணுவுக்கு ஒரு பெற்றோர் மட்டுமே இருக்க இயலும். கணுவின் மூதாதையை அதன் சேயாக இணைக்க முயன்றால் பிழை எழுப்பப்படுகிறது. எனவே மரத்தில் சுழல் தோன்றாது. மூதாதையரை நோக்கி மேலேறும் விதி முடிவின்றிச் சுழலாது என்பதற்கு இது உறுதியளிக்கிறது.
* மாற்ற அறிவிப்பு: கணு மாறியது, சேர்ந்தது, நீங்கியது, கிளையின் அமைப்பு முழுதும் மாறியது என நான்கு வகை நிகழ்வுகளை மாதிரி அறிவிக்கிறது. இவற்றுள் முதல் மூன்றும் விதிப்பொறியின் புதுப்பி, இடு, நீக்கு எனும் செயல்களுடன் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன.
* விளக்கம்: விதிகள் ஆராயும் அதே மரம் திரையிலும் தோன்றுவதால், எந்தக் கணுவின் பொருட்டு எந்த விதி இயங்கியது என்பதைப் பயனருக்குச் சுட்டிக்காட்டுவது எளிது.

## இணைக்கும் முறை

மரத்துக்கும் விதிப்பொறிக்கும் இடையே ஓர் இணைப்பி எழுதப்படுகிறது. அதன் பணிகள் பின்வருமாறு:

1. தொடக்கத்தில் மரத்தை முன்வரிசையில் ஒருமுறை சுற்றிவந்து, ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு கூற்றைச் செயல் நினைவகத்தில் இடுதல்.
2. எந்தக் கணுவுக்கு எந்தக் கூற்று என்பதை ஓர் அட்டவணையில் குறித்துவைத்தல்.
3. மாதிரியின் கவனிப்பியாகப் பதிவு செய்துகொண்டு, நிகழ்வு வரும்போது உரிய கூற்றை இடுதல், நீக்குதல் அல்லது புதுப்பித்தல்.
4. ஒரு தொகுதி மாற்றங்கள் முடிந்தபின் மட்டுமே விதிகளை இயக்குதல்.

கூற்றில் எதைக் குறிப்பது என்பது முதன்மையான தெரிவாகும். ஒவ்வொரு கணுவுக்கும் அதன் நேரடிப் பெற்றோரை மட்டும் குறிக்கலாம். அல்லது எல்லா மூதாதையரையும் குறிக்கலாம். வேருக்குக் கீழ் ஐந்து மட்டங்களுக்கு மேற்படாத, 1000 கணுக்கள் கொண்ட மரத்தில் பெற்றோர்க் கூற்றுகள் 999 ஆகும். மூதாதைக் கூற்றுகள் ஏறத்தாழ 5000 வரை செல்லலாம். 200 கணுக்கள் உள்ள கிளை ஒன்று இடம்மாறினால் முதல் முறையில் ஒரேயொரு கூற்று மாறும். இரண்டாம் முறையில் அந்த 200 கணுக்களுக்கும் மேல்நோக்கிய கூற்றுகள் மாறவேண்டும். ஆயினும் "இந்த அட்டை இந்தப் பெட்டகத்துள் எங்கேனும் உள்ளதா" எனும் வினாவுக்கு இரண்டாம் முறை உடனே விடை தரும். முதல் முறைக்குத் தற்சுழல் வினவல் தேவைப்படும். துரூல்ஸ் பின்னோக்கிய அனுமானத்தின் வாயிலாக இத்தகைய தற்சுழல் வினவல்களை ஏற்கிறது.

## எடுத்துக்காட்டு

கணினிப் பெட்டகம் ஒன்றில் இரு சட்டகங்கள் உள்ளன எனக் கொள்க. ஒவ்வொன்றின் மின்திறன் வரம்பு 300 வாட். மரம் பின்வருமாறு அமையும்:

பெட்டகம்
— சட்டகம் 1 (வரம்பு 300)
—— அட்டை அ (120)
—— அட்டை ஆ (100)
—— அட்டை இ (90)
— சட்டகம் 2 (வரம்பு 300)
—— அட்டை ஈ (150)

இதற்கான விதி:

விதி: மின்திறன் மிகுதி
நிபந்தனை: ச என்பது ஒரு சட்டகம், அதன் வரம்பு வ
நிபந்தனை: ச-இன் சேய்களான அட்டைகளின் மின்திறன் கூட்டுத்தொகை கூ
நிபந்தனை: கூ > வ
செயல்: "ச-இல் மின்திறன் மிகுதி" எனும் கூற்றை இடு

சட்டகம் 1 இல் கூட்டுத்தொகை 310 வாட் என்பதால் விதி பொருந்தி, எச்சரிக்கைக் கூற்று இடப்படுகிறது. பயனர் அட்டை இ-யைச் சட்டகம் 2 க்கு நகர்த்துகிறார். இப்போது சட்டகம் 1 இல் 220 வாட், சட்டகம் 2 இல் 240 வாட். இரண்டுமே வரம்புக்குள் உள்ளன. எச்சரிக்கை தானாக நீங்கவேண்டும். காரணமான பொருத்தம் இல்லாமற்போனால் அதனால் பிறந்த கூற்றும் நீங்கும்படி இடும் வசதி கிளிப்ஸ், ஜெஸ், துரூல்ஸ் ஆகிய மூன்றிலும் உண்டு. இது உண்மை பேணல் எனப்படும்.

ஆனால் இந்த எளிய நகர்த்தலிலேயே இம்முறையின் பெரிய இடர்ப்பாடு மறைந்துள்ளது.

## இடர்ப்பாடுகள்

### அறிவிப்பின்றி நிகழும் நீக்கம்

ஏற்கனவே ஒரு பெற்றோரைக் கொண்ட கணுவை வேறொரு கணுவின் சேயாகச் செருகினால், சுவிங் அதனைப் பழைய பெற்றோரிடமிருந்து தானே கழற்றிவிடுகிறது. மரம் சரியாகவே அமைகிறது. எனினும் கழற்றும் வேலையைச் செய்வது அறிவிக்கும் ஆற்றல் இல்லாத கணு வகுப்பு. மாதிரியின் செருகல் செயற்கூறு "சேர்ந்தது" எனும் நிகழ்வை மட்டுமே அனுப்புகிறது. "நீங்கியது" எனும் நிகழ்வு அனுப்பப்படுவதில்லை.

மேற்கண்ட எடுத்துக்காட்டில், "அட்டை இ சட்டகம் 1 இல் உள்ளது" எனும் கூற்று நீக்கப்படாமல் தங்கிவிடும். "அட்டை இ சட்டகம் 2 இல் உள்ளது" எனும் கூற்றும் சேரும். ஒரே அட்டை இருமுறை எண்ணப்பட்டு, சட்டகம் 1 இன் கூட்டுத்தொகை 310 ஆகவே நீடிக்கும். எச்சரிக்கை நீங்காது. மரத்தை நேரில் சோதிப்பவருக்கு அது சரியாகவே தெரியும். விதியும் சரியாகவே எழுதப்பட்டிருக்கும். பிழை இரண்டுக்கும் இடையில் உள்ளது.

இதற்கு இரு தீர்வுகள் உண்டு. முதலாவது, நகர்த்தலை எப்போதும் மாதிரியின் வழியாக இரு படிகளில் செய்தல்: முதலில் பெற்றோரிடமிருந்து நீக்குதல், பின்னர் புதிய இடத்தில் செருகுதல். இரண்டாவது, இணைப்பியில் ஒரு கணுவுக்கு ஒரு கூற்றுக்கு மேல் இராதவாறு அட்டவணையைப் பேணுதல். செருகல் நிகழ்வு வரும்போது அக்கணுவுக்கு ஏற்கனவே கூற்று இருந்தால், புதிதாக இடாமல் பழையதைப் புதுப்பிக்கவேண்டும். இரண்டையும் சேர்த்துக் கையாள்வது பாதுகாப்பானது.

### இடைநிலை

இரு படிகளில் நகர்த்தும்போது, நீக்கத்துக்கும் செருகலுக்கும் இடையில் அட்டை எந்தச் சட்டகத்திலும் இராது. அந்த நொடியில் விதிகள் இயங்கினால் "இடமில்லாத அட்டை" போன்ற விதி தவறாகப் பொருந்திவிடும். விதிப்பொறிகளில் கூற்றை இடுவதும் விதிகளை இயக்குவதும் தனித்தனிக் கட்டளைகள் என்பதால், இரு மாற்றங்களும் முடிந்தபின் இயக்கினால் இச்சிக்கல் எழாது.

### கிளை முழுவதன் சேர்க்கையும் நீக்கமும்

கிளை ஒன்று நீக்கப்படும்போது நிகழ்வானது கிளையின் தலைக்கணுவை மட்டுமே குறிப்பிடுகிறது. அதன் கீழுள்ள கணுக்களுக்குத் தனித்தனி அறிவிப்பு வருவதில்லை. நீக்கப்பட்ட கணுவை நிகழ்வுப் பொருளிலிருந்து பெற்று, அதன் வழித்தோன்றல்கள் அனைத்தையும் சுற்றிவந்து கூற்றுகளை நீக்குவது இணைப்பியின் கடமை. சேர்க்கைக்கும் இது பொருந்தும். "கிளையின் அமைப்பு மாறியது" எனும் நிகழ்வில் என்ன மாறியது எனும் விவரமே இராது. அந்நிலையில் கிளைக்குரிய கூற்றுகளை முழுதும் நீக்கி மீண்டும் இடவேண்டும்.

### பயனர் பொருளின் வகை மாறுதல்

கணுவின் பயனர் பொருளை நேரடியாக மாற்றினால் எவ்வித அறிவிப்பும் எழாது. மாறாக, பயனர் திரையில் கணுவின் பெயரைத் திருத்தும்போது அறிவிப்பு எழும். ஆனால் வேறொரு தீங்கு நேரும். இயல்பான திருத்தியைப் பயன்படுத்தினால், தட்டச்சிட்ட சரமே புதிய பயனர் பொருளாகிவிடும். "அட்டை" வகைப் பொருள் இருந்த இடத்தில் வெறும் எழுத்துச்சரம் அமர்ந்துவிடுவதால், அட்டைகளை ஆராயும் விதி எதுவும் அதன்பின் அக்கணுவுடன் பொருந்தாது. மாதிரியின் மதிப்பு மாற்றச் செயற்கூறை மேலெழுதி, பொருளின் பெயர்ப் பண்பை மட்டும் மாற்றச்செய்வது வழக்கம்.

### நிகழ்வுக்குள் நிகழ்வு

சுவிங் மாதிரி தன் கவனிப்பிகளைக் கடைசியாகப் பதிவானதிலிருந்து முதலாவதை நோக்கி அழைக்கிறது. திரைக்காட்சிக்குப் பின்னர் பதிவான இணைப்பி, திரைக்கு முன்பே அறிவிப்பைப் பெறும். அப்போதே விதிகளை இயக்கி, அவை மரத்தை மேலும் மாற்றினால், இரண்டாம் மாற்றத்தின் அறிவிப்பு முதல் மாற்றத்துக்கு முன்னதாகவே திரையை அடையும். திரையில் வரிகள் முறைபிறழத் தோன்றுவதற்கு இது காரணமாகலாம். கவனிப்பிக்குள் விதிகளை இயக்காமல், மாற்றங்களை வரிசையில் சேர்த்துவைத்துப் பின்னர் இயக்கவேண்டும்.

விதியின் செயல் மரத்தை மாற்ற, அம்மாற்றம் கூற்றைப் புதுப்பிக்க, புதுப்பித்த கூற்று அதே விதியை மீண்டும் தூண்டும் சுழலும் நேரலாம். துரூல்ஸில் ஒரு விதி தன்னைத் தானே தூண்டுவதைத் தடுக்கும் பண்பு உண்டு. ஆயினும் இரு விதிகள் ஒன்றையொன்று மாறிமாறித் தூண்டுவதை அது தடுக்காது.

### இழைகள்

சுவிங்கின் காட்சி உறுப்புகளை நிகழ்வு வழங்கும் இழையில் மட்டுமே கையாளவேண்டும். மரக்கணு வகுப்பும் பல இழைகளிலிருந்து ஒரே நேரத்தில் பயன்படுத்தப்படுவதற்கு உரியதன்று. மேலும் மரம் மாற்றப்பட்டவுடன், அதற்குமுன் பெறப்பட்ட எண்ணியெடுப்புகள் செல்லாதவையாகிவிடும். விதிப்பொறியைத் தனி இழையில் இயக்குவோர், மரத்தை நேரடியாகப் படிக்காமல் கூற்றுகளில் உள்ள நகலை மட்டுமே படிக்குமாறு அமைப்பது நன்று.

### சேமிப்பும் நகலெடுப்பும்

தொடராக்கி மூலம் மரத்தைக் கோப்பில் சேமிக்கும்போது, தொடராக்கத்தை ஏற்காத பயனர் பொருள்கள் பிழைச்செய்தியின்றி விடுபட்டுப்போகும். கணுவை நகலெடுத்தால் புதிய கணுவுக்குப் பெற்றோரும் சேய்களும் இரா. பயனர் பொருள் மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும். "இப்படிச் செய்தால் என்ன ஆகும்" எனச் சோதிப்பதற்கு மரத்தின் நகல் தேவைப்படும் விதிநிரல்களில் இது கவனிக்கத்தக்கது. நகலில் செய்த மாற்றம் மூல மரத்தின் பொருளையும் மாற்றிவிடும்.

## பிற கருவித்தொகுதிகள்

ஜாவா எஃப்எக்ஸ்: இதன் மர உருப்படி வகுப்பில் மதிப்பின் வகையை முன்கூட்டியே அறிவிக்கலாம். உருப்படிகளே நிகழ்வை எழுப்புகின்றன. அந்நிகழ்வு பெற்றோர் வழியே வேர் வரை மேலேறும். எனவே வேரில் ஒரு கவனிப்பி இருந்தால் போதும். அறிவிப்பை மறக்கும் வாய்ப்பு சுவிங்கைவிடக் குறைவு. 2018 இல் வெளியான ஜாவா 11 முதல் இது மொழியின் நிரல்தொகுப்பிலிருந்து பிரிந்து தனியே கிடைக்கிறது.

கியூட்டி: இதில் இருவகை மரங்கள் உள்ளன. முதலாவது பொருள் மரம். பெற்றோர் அழியும்போது சேய்களும் அழியும். விதிப்பொறியின் கூற்று அழிந்த பொருளைச் சுட்டிக்கொண்டிருந்தால் நிரல் முறியக்கூடும். இரண்டாவது, 2005 இல் வெளியான கியூட்டி 4 இல் அறிமுகமான உருப்படி மாதிரி. இதில் நீக்கம் நிகழ்வதற்கு முன்பே "நீங்கவிருக்கிறது" எனும் குறிப்பு எழுகிறது. 2009 இல் வெளியான 4.6 பதிப்பு முதல், நகர்த்தலை நீக்கம்–செருகல் எனப் பிரிக்காமல் ஒரே அறிவிப்பாகத் தரவும் வழியுள்ளது. இம்மாதிரியின் அடிப்படை வகுப்பு வரைகலைப் பகுதியில் இல்லாமல் உட்கருப் பகுதியிலேயே இருப்பதால், திரையற்ற நிரல்களிலும் கூடுதல் சார்பின்றிப் பயன்படுகிறது.

ஆவணப் பொருள் மாதிரி: உலாவிகளின் இம்மரத்துக்கான முதல் பரிந்துரையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1998 இல் வெளியிட்டது. இங்கும் ஒரு கணுவை வேறிடத்தில் சேர்த்தால் அது பழைய இடத்திலிருந்து தானே நீங்கும். எனினும் மாற்றக் கவனிப்பிக்கு நீக்கம், சேர்க்கை ஆகிய இரண்டும் தனித்தனிப் பதிவுகளாக வந்துசேரும். அவை ஒவ்வொரு மாற்றத்தின் நடுவிலும் வராமல், இயங்கும் நிரல் முடிந்தபின் தொகுதியாக வரும். இதற்கு முந்தைய மாற்ற நிகழ்வுகள் உடனுக்குடன் எழுந்து உலாவியின் வேகத்தைக் குறைத்தமையால் கைவிடப்பட்டன; குரோம் உலாவி 2024 இல் அவற்றை நீக்கியது. மாற்றங்களைத் தொகுத்து அறிவிப்பதே நன்று என்பது இங்கும் உறுதியாயிற்று.

## ஒத்த முறைகள்

மரத்தின் மீது விதிகளை ஏவும் மொழிகள் வலையில் பரவலாக உள்ளன. 1996 இல் முதற்பரிந்துரை வெளியான விழுதொடர் பாணித்தாள்களில், தெரிவி என்பது நிபந்தனையாகவும் பாணி அறிவிப்பு என்பது செயலாகவும் அமைகின்றன. 1999 இல் பரிந்துரைக்கப்பட்ட எக்ஸ்எஸ்எல்டி மொழியின் வார்ப்புரு விதிகளும் இத்தகையவை.

இவற்றுக்கும் விதிப்பொறிக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. பாணித்தாள் விதி மரத்தின் அமைப்பை மாற்றுவதில்லை. எக்ஸ்எஸ்எல்டி வெளியீட்டை வேறொரு மரமாகத் தருகிறது. உள்ளீட்டு மரம் மாறாது. எனவே விதியின் செயல் மீண்டும் விதியைத் தூண்டும் சுழல் இவற்றில் எழுவதில்லை. இதே ஒழுங்கை இடைமுக மரத்திலும் கடைப்பிடிக்கலாம். விதிகள் மரத்தைப் படிக்கட்டும். முடிவுகளைத் தனிக் கூற்றுகளாக இடட்டும். அம்முடிவுகளை ஏற்று மரத்தை மாற்றுவது பயனரின் அல்லது வேறொரு நிரற்பகுதியின் பணியாக இருக்கட்டும்.

## மாற்று வடிவமைப்பு

இடைமுக மரத்தைத் தரவாக்குவதற்கு மாறாக, தரவை இடைமுக மரமாகக் காட்டுவது மற்றொரு வழியாகும். சுவிங்கின் ட்ரீ மாடல் எனும் இடைமுகம் கணுக்கள் எந்த வகுப்பைச் சேர்ந்தவையாகவும் இருப்பதை ஏற்கிறது. வேர் எது, ஒரு பொருளின் சேய்கள் எத்தனை, குறிப்பிட்ட சேய் எது என்பன போன்ற சில வினாக்களுக்கு விடையளித்தால் போதும். பெட்டகம், சட்டகம், அட்டை எனத் தமக்குரிய வகுப்புகளை எழுதி, அவற்றின் மீது இவ்விடைமுகத்தைப் போர்த்தலாம். அப்போது திரையும் விதிப்பொறியும் ஒரே மூலத்தின் இரு கவனிப்பிகளாகின்றன. ஒன்று மற்றதைச் சார்ந்திருப்பதில்லை. மாற்றங்கள் அனைத்தும் அம்மூலத்தின் செயற்கூறுகள் வழியே நிகழ்வதால், அறிவிப்பை ஓரிடத்தில் எழுதினால் போதும்.

இவ்வழியில் சுவிங் சார்பும் நீங்கும். 2017 இல் வெளியான ஜாவா 9 முதல் மொழி கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சுவிங் மரக்கணுவைப் பயன்படுத்தும் நிரல், வழங்கியில் திரையின்றி இயங்கினாலும், மேசைக்கணினிக் கூறு முழுவதையும் உடன்கொண்டு செல்லவேண்டும்.

## பொருந்தும் சூழல்கள்

மரம் எப்படியும் திரையில் காட்டப்படவிருக்கும் நிரல்களிலும், விரைவில் செய்துபார்க்க வேண்டிய மாதிரி நிரல்களிலும், கற்பித்தலிலும் இடைமுக மரத்தை மீளப் பயன்படுத்துவது ஏற்றது. ஒரு தரவுக்குப் பல பெற்றோர் இருக்கக்கூடிய வலையமைப்புகளுக்கு இது பொருந்தாது. பல இழைகளில் இயங்கும் வழங்கி நிரல்களுக்கும், நீண்டகாலம் பேணப்படவேண்டிய மென்பொருள்களுக்கும் மாற்று வடிவமைப்பே உகந்தது.

சில நூறு கணுக்களும் சில பத்து விதிகளும் மட்டும் உள்ள நிரலில் ரீட்டே வகைப் பொறியே தேவைப்படாமல் போகலாம். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் மரம் முழுவதையும் சுற்றிவந்து எல்லா விதிகளையும் புதிதாகச் சோதிப்பது அங்குப் போதிய வேகத்துடன் நடைபெறும். பழைய பொருத்தம் எதையும் நினைவில் வைக்காத நிரலில், விடுபட்ட அறிவிப்பினால் பழைய முடிவு தங்கிவிடும் பிழை அடுத்த சுற்றைத் தாண்டி நீடிக்காது.

பெரிய மரங்களில் இவ்வசதி இல்லை. அங்கு இணைப்பியைச் சோதிப்பதற்கு எளிய முறை ஒன்றுண்டு. மரத்தில் பலவகை மாற்றங்களைச் செய்தபின், மரத்தைப் புதிதாகச் சுற்றிவந்து பெறும் கூற்றுகளையும், செயல் நினைவகத்தில் உள்ள கூற்றுகளையும் ஒப்பிடவேண்டும். இரண்டும் ஒன்றாக இருத்தல் வேண்டும். வேறுபாடு இருப்பின், எங்கோ ஒரு மாற்றம் அறிவிக்கப்படவில்லை என்பது பொருள்.

## இவற்றையும் பார்க்க

* ரீட்டே படிமுறை
* வல்லுநர் முறைமை
* மரம் (தரவுக் கட்டமைப்பு)
* மாதிரி–காட்சி–கட்டுப்பாடு
* ஆவணப் பொருள் மாதிரி
* சுவிங் (ஜாவா)